சாலம்மாள் விட்டுவைத்த ஒரு சாண்

எங்கள் வீட்டுக்குச் சுவர் நான்கு. மூன்று நாங்கள் கட்டியது, நான்காவது ராஜா காலத்து மதில். எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எனக்கு அதில் அக்கறை இருந்ததில்லை. ஆணி அடித்தால் இறங்குகிறதா, மழைக்குத் தாங்குகிறதா, அவ்வளவுதான் நான் ஒரு சுவரிடம் எதிர்பார்ப்பது. மதில் இரண்டையும் ஒழுங்காகச் செய்தது.

ஊர் கூத்தனூர்கோட்டை. எலவனாசூர்கோட்டையில் பஸ் மாறினால் இருபது நிமிடம். மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் உள்கோட்டை, நிலம் உள்ளவர்கள். மதிலுக்கு வெளியே அதை ஒட்டிப் பதினொரு வீடு, வெளிக்கோட்டை, நாங்கள். அவர்கள் நிலத்தில் கரும்பு வெட்டுவோம், மரவள்ளி பிடுங்குவோம், மற்ற நாளில் நூறு நாள் வேலைக்குப் போவோம். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி முழு வட்டமாக இருந்ததாம் மதில். இப்போது எங்கள் வீடுகளின் முதுகுப் பக்கம் மட்டும்தான் நிற்கிறது. மீதியை உள்கோட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டி வயலுக்கு அடித்துவிட்டார்கள். பழைய மண்ணுக்குக் கரும்பு நன்றாக வரும் என்று ஒரு நினைப்பு. எங்கள் பக்கம் யாரும் கை வைக்கவில்லை, வைத்தால் கூரை தலையில் இறங்கிவிடும்.

என் பெயர் நிர்மலா. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். பத்தாவது வரை படித்தவள், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என் வீட்டுக்காரர் வீரமணி உளுந்தூர்பேட்டையில் லாரிப் பட்டறையில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதனால் வெளிக்கோட்டைக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படித்துச் சொல்வது நான்தான். படித்த கையோடு என்ன செய்ய வேண்டும் என்றும் நானே சொல்லிவிடுவேன். யாரும் கேட்டார்களா என்று பார்ப்பதில்லை. அந்தக் கெட்ட பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஆவணி மாதம் பதினொரு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது. உள்கோட்டை ராமசாமி எழுதிக் கொடுத்த மனுவின் பேரில். அவர் பெரிய விவசாயி, அறுபது வயதுக்காரர், மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மதில் தன் பாட்டன் சொத்து என்று முழுதாக நம்புகிறவர். அவருடைய பாட்டன் பங்கு மதில் எப்போதோ கரும்பாகிவிட்டது என்பதை மட்டும் மறந்துவிடுவார்.

ஆலமரத்தடியில் நின்று நோட்டீசை உரக்கப் படித்தேன். கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் மதிலை ஒட்டி ஆக்கிரமித்து வீடுகள் அமைத்துள்ளதாலும், தொன்மையான சுவரின் மீது மண்ணும் சாணமும் பூசிச் சேதப்படுத்தி வருவதாலும், இவ்வீடுகளை ஏன் அகற்றக் கூடாது என்று இருபதாம் தேதி நேராய்வின்போது விளக்கம் தர வேண்டும். சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் வெளுத்துப் போயின.

"முப்பது வருசமா? எங்க மாமியாரே இந்த வூட்டுக்குக் கல்யாணம் ஆயி வந்து அறுவது வருசம் ஆவுதே!" என்றாள் குஞ்சம்மாள். அவள் எனக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள்.

"அதுக்குப் பத்திரம் இருக்குதா? பட்டா இருக்குதா? உன் மாமியார் எழுந்து வந்து சாட்சி சொல்லுமா?"

"இல்லதான்."

"அப்ப மொதக் குத்தத்த ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவது குத்தத்தயாவது கம்மி பண்ணுவோம். சொவுத்து மேல பூசிட்டோம்னுதானே சொல்றாங்க? செரண்டிடுவோம். ராஜா கட்டன மாதிரியே மொட்டையா நிறுத்திட்டு, இந்தாங்க உங்க மதிலு, எங்க சேதம் இருக்குதுன்னு கேப்போம்."

எனக்கே என் புத்தியை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. யாரும் மறுத்துப் பேசவில்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆளும் என்னிடம் பேசவில்லை, தன் ஆட்டிடம்தான் பேசியது.

சாலம்மாள் என் வீட்டுக்காரருக்கு அக்கா. அடுத்த வீடு. ஏரி வேலையில் எங்கள் குழிக்குத் தலைவி. ஐந்து மாதமாக என்னோடு பேச்சு இல்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாசலில் கட்டியிருக்கும் வெள்ளாட்டிடம் சொல்வாள். நான் பதில் சொன்னால் ஆடு சொன்னது போலக் கேட்டுக்கொள்வாள்.

அதற்கும் காரணம் இருக்கிறது, காரணம் நான்தான். ஏரியில் குழி வெட்டும்போது நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் பழைய மட்டத்திலேயே விடுவோம். ஓவர்சியர் வந்து திட்டின் தலையிலிருந்து அடிவரை டேப் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று தெரியும். திட்டு இல்லையென்றால் வெட்டியதற்கு அத்தாட்சியே இல்லை. சித்திரையில் யாரோ பெரிய அதிகாரி போட்டோ எடுக்க வருகிறார் என்றார்கள். குழி பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஓவர்சியர் அளப்பதற்கு முன்பே திட்டை இடித்துத் தள்ளச் சொன்னேன். போட்டோ நன்றாக வந்தது. ஓவர்சியர் மறுநாள் வந்து கண்ணாலேயே பார்த்துப் பாதி ஆழம் எழுதிவிட்டுப் போனார். முப்பத்திரண்டு பெண்கள் வெயிலில் வெட்டிய மண்ணுக்குப் பாதிக் கூலிதான் வந்தது. மற்றவர்கள் திட்டித் தீர்த்துவிட்டு மறந்தார்கள். சாலம்மாள் திட்டவும் இல்லை, மறக்கவும் இல்லை.

அவள் அன்றைக்கு ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஏய், எந்தக் காயிதம் வந்தாலும் மொதல்ல மம்டியத் தூக்கினு கெளம்பிடறவங்களுக்குச் சொல்லு. நாலு பேரக் கேட்டுட்டுச் செய்யச் சொல்லு."

"நாலு பேரக் கேக்கறதுக்குள்ள வூடு போயிடும்னு சொல்லு!" என்று நானும் ஆட்டிடமே கத்தினேன்.

மறுநாளே ஆரம்பித்தோம். நாலு விரல் தடிமன் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் செம்மண்ணைக் கரைத்து, சாணம் சேர்த்து, பெண்கள் பூசுகிற பூச்சுதானே. மண்வெட்டியைப் போட்டால் பெயர்ந்து வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் போயிற்று, ஒரு முழமும் போன பிறகுதான் சுக்கான் கல் கலந்த மதிலின் கெட்டி மண் தட்டுப்பட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உடைந்து விழுந்த கட்டிகளில் கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாக இருந்ததைப் பார்த்தேன். அடுப்புப் புகை என்று தள்ளிவிட்டு அடுத்த கூடையை நிரப்பினேன்.

வீடு ஒரு முழம் அகலமானதில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். "இங்க கட்டில் போட்டுக்கலாம்டி" என்று குஞ்சம்மாள் கையை விரித்துக் காட்டினாள். செல்லியம்மாள் பீரோ வாங்கவே முடிவு செய்துவிட்டாள். நாளைக்கு வீடே இருக்குமா என்று தெரியாத நேரத்தில் பீரோ எங்கே வைப்பது என்று சண்டை போட்டோம். நான்கு நாளில் பத்து வீடு முடிந்தது. சுரண்டிய மண்ணை என்ன செய்வது? எங்கள் வழி முழுக்கப் பள்ளம், ஜீப் வர வேண்டுமே. கொட்டி, பரப்பி, தண்ணீர் தெளித்து மிதித்துவிட்டோம். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

பதினோராவது வீடு சாலம்மாளுடையது. தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வதாக ஆட்டிடம் சொல்லியனுப்பியிருந்தாள். ஐந்தாம் நாள் மாலை எட்டிப் பார்த்தேன். அடுப்படிச் சுவரை முழுதாகச் சுரண்டியிருந்தாள், நடுவில் மட்டும் தரையிலிருந்து கூரை வரை ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையாக விட்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா இது? ஏரி வேலையா, அளவுக்குத் திட்டு விடறதுக்கு? இங்க எந்த ஓவர்சியர் டேப்ப எடுத்துக்கினு வரப்போறான்?"

அவள் ஆடு வெளியே இருந்தது. அதனால் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "அளக்காம எடுக்க மாட்டேன். ஒருவாட்டி எடுத்து வாங்கிக் கட்டிக்கினது போதும்."

"இது ஒண்ணு போதும், பதினோரு வூட்டையும் இடிக்கிறதுக்கு. காலைல இது இருக்கக் கூடாது, ஆமா!"

"வூடு என்துன்னு சொல்லு."

நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன். இருபதாம் தேதி காலையில் பார்த்தபோது அந்த இடத்தில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு முன்னால் தண்ணீர்க் குடங்களை அடுக்கியிருந்தாள். சரி, எடுத்துவிட்டு வெட்கத்துக்கு மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. தொல்லியல் பெண் அதிகாரி ஒருவர், பெயர் இலக்கியா, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூடவே நில அளவைக்காரர் ஒருவர். ராமசாமி வெள்ளை வேட்டியில் கோப்போடு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். ஜீப் எங்கள் வழியில் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அதிகாரி இறங்கினார், குனிந்தார், எங்கள் தரையிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார்.

"இந்த மண்ணு எங்கேருந்து வந்தது?"

நான்தான் முந்திக்கொண்டேன். "மதிலு மேல பூசியிருந்ததுங்க மேடம். எல்லாத்தையும் சுத்தமா செரண்டிட்டோம். இப்ப மதிலு பழசு மாதிரியே இருக்குது, நீங்களே வந்து பாருங்க."

"யாரு செரண்டச் சொன்னது?"

"நான்தாங்க," என்றேன் பெருமையாக.

அவர் ஓடாத குறையாக முதல் வீட்டுக்குள் போனார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. திரும்பி வந்தபோது முகம் விழுந்துபோயிருந்தது. ஒரு மண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"அக்கா, இதப் பாருங்க," என்று கட்டியைக் காட்டினார். "இந்தக் கறுப்பு, ஒரு வருசம் அடுப்பெரிச்ச புகை. அது மேல இருக்கிற செவப்பு, பொங்கலுக்குப் பூசினது. மறுபடி கறுப்பு, மறுபடி செவப்பு. ஒரு சோடி ஒரு வருசம். வெளியில இருக்கிற சுவர்ல மழை கழுவிடும். நீங்க கூரைக்குள்ள வெச்சிருந்ததால ஒண்ணுகூட அழியாம இருந்திருக்கு. முப்பது வருசம்தானான்னு எண்ணிப் பாத்தே சொல்லியிருக்கலாம். இப்படி உதிரியா கெடந்தா எது மேல எது இருந்துச்சுன்னு எப்படி எண்றது?"

எந்தக் குற்றத்துக்கு எங்களிடம் பத்திரம் இல்லை என்று ஆலமரத்தடியில் முழங்கினேனோ, அந்தப் பத்திரத்தைப் பத்து வீட்டிலும் நானே மண்வெட்டி போட்டுப் பெயர்த்து, வழியில் கொட்டி, ஜீப்பையும் அதன் மேல் ஏற்றியிருக்கிறேன். குஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். ஏரியில் பார்த்த அதே பார்வை.

"பாத்தீங்களா மேடம்," என்றார் ராமசாமி. "எங்க பாட்டன் பூட்டன் கட்டன மதிலு. இருந்ததையும் செரண்டிட்டாங்க. இதுக்குத்தான் நான் மனு குடுத்தேன்."

பின்னால் சாலம்மாளின் குரல் கேட்டது. ஆட்டிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏய், எங்க வூட்ல ஒரு சாண் செரண்டாம இருக்குதுன்னு அந்த மேடத்துகிட்டச் சொல்லு. அளந்துக்கறதா இருந்தா வரச் சொல்லு."

அதிகாரி ஆட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், எழுந்து ஓடினார். நாங்கள் எல்லாரும் பின்னால். சாலம்மாள் குடங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, நிதானமாகக் கோணியை அவிழ்த்தாள். பட்டை அப்படியே நின்றது. இருபுறமும் சுரண்டியிருந்ததால் ஒரு முழத் தடிமனும் பக்கவாட்டில் தெரிந்தது. மதிலிலிருந்து வெளிப்பக்கம் வரை கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு. அதிகாரி தரையில் மண்டியிட்டு அதன் மேல் கையைக்கூட வைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெட்டும்போது நடுவுல இப்படி விடணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எப்போதும் முந்திக்கொண்டு 'நான்தாங்க' என்பவள் நான்தானே.

"நான் எடுக்கச் சொன்னேங்க," என்றேன். "சண்டையே போட்டேன். அண்ணிதான் என் பேச்சக் கேக்கல."

ஐந்து மாதம் கழித்து என் வாயிலிருந்து 'அண்ணி' வந்தது. சாலம்மாள் திரும்பவில்லை. ஆனால் ஆட்டிடமும் எதுவும் சொல்லவில்லை.

எண்ணி முடிக்கச் சாயங்காலம் ஆனது. அதிகாரி உருப்பெருக்குக் கண்ணாடியும் குண்டூசியும் வைத்துக்கொண்டு வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிப் போனார். பத்துப் பத்தாக ஒரு ஊசி. நாங்கள் டீ போட்டுக் கொடுப்பதும், கூட நின்று எண்ணுவதுமாக இருந்தோம். வெளிப்பக்கம் ஏழெட்டுக் கோடுகள் மட்டும் மெலிதாகச் சாம்பல் நிறத்தில் இருந்தன. "கேஸ் அடுப்பு வந்த வருசங்க," என்றாள் குஞ்சம்மாள். அதற்கும் வெளியே கடைசி இரண்டு மறுபடி கறுப்பு. சிலிண்டர் விலை ஏறிப் பழையபடி விறகுக்குத் திரும்பிய வருடங்கள். யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் எல்லாருக்கும் புரிந்தது.

முப்பதைத் தாண்டியபோது நில அளவைக்காரர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அறுபதைத் தாண்டியபோது குஞ்சம்மாள் தன் மாமியார் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். நூறைத் தாண்டியபோது ராமசாமி வாசலுக்கு வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை, அறுபது வருடப் பழக்கம். தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவே சில கறுப்புக் கோடுகள் இரட்டைப் பருமனாக இருந்தன. அதிகாரிக்கு அது பிடிபடவில்லை. "இங்க ஒரு வருசம் பூசலை போல. ஏன்?"

"சாவு வுழுந்த வருசம்," என்றாள் சாலம்மாள். இப்போது நேராகவே பேசினாள், அதிகாரியிடம். "சாவு வுழுந்த வூட்லயும் செத்தவங்க பெத்த புள்ளைங்க வூட்லயும் அந்த வருசம் பொங்கல் கெடையாது. பூச மாட்டோம். அடுத்த வருசம்தான்." அவள் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே விரலால் தேடி ஒரு பருத்த கறுப்பில் நிறுத்தினாள். "இது எங்கம்மா செத்தது. பத்தொம்பது வருசம்."

அதிகாரி எண்ணிப் பார்த்தார். இடைவெளியையும் ஒரு வருடமாகச் சேர்த்தால் பத்தொன்பது சரியாக இருந்தது.

அந்த அம்மா எனக்கு மாமியார். அவள் படுத்திருந்ததும் செத்ததும் என் வீட்டில்தான். அவள் கை பட்ட பூச்சும் அவளுக்காகப் பூசாமல் விட்ட கறுப்பும் என் வீட்டுச் சுவரிலும் இருந்திருக்கும். அதை நான் கூடையில் அள்ளி வழியில் கொட்டிவிட்டேன். அழுகை வந்தது. எனக்கு அழுவது பிடிக்காது, ஆனால் வந்தது, அழுதேன்.

நூற்றைம்பதுக்கு முன்பின்னாக ஒரு விரல் பருமனுக்கு ஒரே கறுப்பு. மூன்று நான்கு வருடம் சேர்ந்தாற்போல் யாரும் பூசவில்லை. "தாது வருசப் பஞ்சமா இருக்கலாம்," என்றார் அதிகாரி மெதுவாக. "உறுதியாச் சொல்ல முடியாது, காலம் ஒத்து வருது." எத்தனை சாவு என்று அந்தக் கறுப்பில் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சிவப்பு, ரொம்ப மெல்லிசு. மிச்சம் இருந்த யாரோ ஒருத்தி மண் கரைத்துப் பூசியிருக்கிறாள். எனக்கு அவள் யார் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

இருநூற்று முப்பதுக்குப் பக்கத்தில் மண்ணே சுட்ட செங்கல் நிறத்தில் இருந்தது. அதிகாரி அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இங்க வீடே எரிஞ்சிருக்கு. சண்டையோ, விபத்தோ தெரியல."

எனக்குத் தெரிந்தது. குதிரைப் படையோ கொள்ளைக்காரனோ வந்திருப்பான். உள்ளே இருந்தவர்கள் கோட்டைக் கதவைச் சாத்தியிருப்பார்கள். மதில் ஊரைக் காப்பாற்றியது என்றுதானே சொல்கிறார்கள். காப்பாற்றித்தான் இருக்கிறது, உள்ளே இருந்தவர்களை. வெளியே இருந்தவர்களின் வீடு எரிந்திருக்கிறது. எரிந்த சிவப்புக்கு மேல் ஒரு கறுப்பு, அதற்கு மேல் ஒரு பூச்சு. மறு வருடமே திரும்பி வந்து அடுப்பு மூட்டி, அதே மதிலுக்குப் பொங்கல் பூச்சு பூசியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எல்லாரும் செத்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

கடைசி ஊசி முந்நூற்றுப் பதினொன்று. அதற்கப்புறம் மதில். அதிகாரி கடைசிக் கறுப்பைக் காட்டிக் கூப்பிட்டார். "இந்தக் கரி பூச்சு மேல இல்ல. மதிலோட சொந்த மண்ணு மேலயே படிஞ்சிருக்கு. நடுவுல மழை கரைச்ச தடமோ, பாசியோ ஒண்ணும் இல்ல. அதாவது மதிலு கட்டின கையோட, சுவரு காயறதுக்குள்ளயே இங்க கூரை போட்டு ஒருத்தங்க சோறாக்கியிருக்காங்க."

"அப்ப கட்டனது யாரு?" என்று வாசலிலிருந்து கேட்டார் ராமசாமி.

"அது இதுல எழுதலைங்க ஐயா. ஆனா கட்டின அன்னிக்கே சுவருக்கு வெளியில யாரு அடுப்பு வெச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சிப் பாருங்க."

அவர் யோசித்தார். கோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மதில் ஓட்டை வழியாக உள்கோட்டைக்குப் போய்விட்டார்.

கார்த்திகையில் காகிதம் வந்தது. ஆலமரத்தடியில் நின்று நான்தான் படித்தேன். இந்த முறை இரண்டு தடவை மனதுக்குள் படித்துவிட்டு, அப்புறம் சாலம்மாளிடம் கொடுத்து அவள் மகள் தனுஷாவையும் படிக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உரக்கப் படித்தேன். குடியிருப்புகள் மதிலின் சமகாலத்தவை. மதிலின் இப்பகுதி எஞ்சியிருப்பதற்கு இக்குடியிருப்புகளின் தொடர் பராமரிப்பே காரணம். அகற்றும் நடவடிக்கை கைவிடப்படுகிறது. பட்டா இன்னும் வரவில்லை, அதற்கு வேறு நடை நடக்க வேண்டும். ஆனால் வீடு நிற்கிறது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் செம்மண் எடுக்கக் கிளம்பினேன். சாலம்மாள் வழியில் உட்கார்ந்து மண்வெட்டியால் தரையைக் கொத்திக்கொண்டிருந்தாள். ஜீப்புக்காக நாங்கள் பரப்பிய மண். கட்டி கட்டியாகப் பெயர்த்துக் கூடையில் போட்டாள். குஞ்சம்மாளும் செல்லியம்மாளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

"இன்னா அண்ணி இது?"

"வேற மண்ணு எதுக்கு? இத்தையே ஊறப்போட்டுப் பூசுவோம். நம்ம சொவுத்து மண்ணுதானே."

இரண்டு நாள் தொட்டியில் ஊறியது. கறுப்பும் சிவப்பும் கலந்து ஒரே பழுப்பாகிவிட்டது. எந்த வருடம் எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. சாணம் சேர்த்து மிதித்து, போகியன்று காலை என் வீட்டு மொட்டைச் சுவரில் முதல் பூச்சைப் பூச ஆரம்பித்தேன். என் வீட்டில் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆனாலும் மாமியார் கை பட்ட மண் அதில் எங்கேயோ இருக்கிறது, அந்த ஆறுதலில் பூசினேன்.

பாதி முடித்தபோது சாலம்மாள் தன் வாளியோடு உள்ளே வந்தாள். கேட்காமலேயே மறுகோடியிலிருந்து பூச ஆரம்பித்தாள். இரண்டு பேரும் நடுவில் வந்து சந்தித்தோம். ஒரு சாண் அகலம் பாக்கி இருந்தது. நான் கையில் மண்ணை அள்ளினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த விடு, நிர்மலா," என்றாள். ஆடு வெளியே இருந்தது. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "எந்த எடத்துலேருந்து ஆரம்பிச்சோம்னு தெரியட்டும். பின்னால அளக்க வர்றவங்களுக்கு வேணும்."

கையிலிருந்த மண்ணை வாளியிலேயே போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொன்னதைக் கேட்டேன்.